டேஷ்கேம், பேக்கப் பேட்டரி: கோளாறைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்க

மன்னார்குடியில் எங்கள் வீட்டில் கார் நிறுத்த உள்ளே இடம் கிடையாது. வாசலில்தான் நிற்கும். அறுவடைக் காலத்தில் நெல் அறுக்கும் மெஷின், மூட்டை ஏற்றிய டிராக்டர் எல்லாம் அதை ஒட்டிக்கொண்டுதான் போகும். இரண்டு முறை பக்கக் கண்ணாடி உடைந்த பிறகு, முன்னும் பின்னும் நடப்பதைப் பதிவு செய்கிற கார் கேமரா, அதாவது டேஷ்கேம், ஒன்று வாங்கி நானே மாட்டினேன். முதலில் கார் பேட்டரியிலிருந்தே நேராக மின்சாரம் கொடுத்திருந்தேன். தை மாதம் மயிலாடுதுறையில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் இரண்டு ராத்திரி வண்டி நின்றது. மூன்றாம் நாள் விடியற்காலை மாமாவை ரயில் ஏற்றிவிடப் போனால், செல்ஃப் அடிக்கும்போது டக் டக் என்று சத்தம் மட்டும்தான் வருகிறது. ரயில் போய்விட்டது. வந்து பார்த்த ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணன், "தம்பி, கட்-ஆஃப் 11.8-ல வச்சிருக்கீங்க. கேமரா நிக்கிறதுக்குள்ள பேட்டரி செத்துருமே" என்றார். கட்-ஆஃப் என்றால், பேட்டரி எத்தனை வோல்ட்டுக்கு இறங்கினால் கேமராவுக்கு மின்சாரம் நிற்கும் என்ற அளவு. அவர் சொன்னது அப்படியே உண்மை. ஈய அமில பேட்டரி ஓய்வில் 11.8 வோல்ட் காட்டுகிறது என்றால் அதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

அதன் பிறகுதான் தனி பேக்கப் பேட்டரி வாங்கினேன். இனி அதைப் பேக் என்றே சொல்கிறேன். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, 12.8 வோல்ட், 6000 மில்லி ஆம்பியர் மணி. வண்டி ஓடும்போது அது சார்ஜ் ஆகும். நிற்கும்போது கேமராவுக்கு அதுதான் கொடுக்கும், கார் பேட்டரியைத் தொடாது. என் வண்டிக்கும், பிறகு திருவாரூர், கும்பகோணம், நாகப்பட்டினத்தில் இருக்கிற உறவுக்காரர்கள் வண்டிகளுக்கும் மாட்டியதில் பார்த்த கோளாறுகளை இங்கே எழுதுகிறேன். உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

எதையும் கழற்றும் முன் ஒரு மல்டிமீட்டர் கையில் இருக்கட்டும். சாதாரணமானது போதும். ராத்திரி முழுக்க நின்ற கார் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். செல்ஃப் அடிக்கிற நொடியில் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இந்த எண்களைப் பார்க்காமல் கேமராவைக் குறை சொல்லிக் கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. கேமராவில் ஒரு பழுதும் இருந்திருக்காது.

பேக் வைத்த பிறகும் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

பேக்கின் உள்ளீட்டு வயரை எந்த ஃபியூஸில் கொடுத்தீர்கள் என்று முதலில் பாருங்கள். சாவியை எடுத்துவிட்டு, கதவைப் பூட்டி, அரை மணி விடுங்கள். பிறகு அந்த ஃபியூஸில் மீட்டரை வைத்தால் பூஜ்யம் வர வேண்டும். 12 வோல்ட் வந்தால் அது எப்போதும் மின்சாரம் இருக்கிற ஃபியூஸ். பேக் ராத்திரி முழுக்க கார் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டு இருந்திருக்கிறது. உடனே வைத்துப் பார்க்காதீர்கள். பல புது வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் சில ஃபியூஸ்களில் மின்சாரம் நிற்கும்.

பேக் வாங்கும் முன் கேமராவை நேராக இணைத்திருந்தவர்கள் அந்தப் பழைய மஞ்சள் வயரை ஃபியூஸ் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். கேமராவை ஃபியூஸ் பெட்டியில் இணைக்கிற பெரும்பாலான வயர் கிட்களில் மஞ்சள் நிரந்தர மின்சாரம், சிவப்பு சாவியோடு வரும் மின்சாரம், கறுப்பு எர்த், அதாவது வண்டியின் இரும்பு உடம்பில் சேர வேண்டியது. நிறத்தை நம்பாமல் வயரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். பேக் வைத்துவிட்டால் கேமராவின் மஞ்சளும் சிவப்பும் பேக்குக்குத்தான் போக வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தால் மின்சாரக் கசிவை அளந்துவிடுங்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்தால், வண்டி தூங்கிய பிறகு 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கலாம். 300, 400 என்று நின்றால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்த வழியில்தான் போகிறது. மீட்டர் நடுவில் இருக்கும்போது கதவைத் திறப்பதோ செல்ஃப் அடிப்பதோ கூடவே கூடாது. மீட்டருக்குள் இருக்கிற ஃபியூஸ் போய்விடும்.

பேக் நிறையவே மாட்டேன் என்கிறது

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதுதான். இதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

12.8 வோல்ட்டில் 6 ஆம்பியர் மணி என்றால் 76.8 வாட் மணி. முன், பின் இரண்டு கேமராவும் நிறுத்தத்தில் சேர்ந்து 5 வாட் இழுத்தால் கணக்குப்படி 15 மணி நேரம். வழியில் வீணாகிறது போக 12, 13 மணி கிடைக்கும். சாயங்காலம் 6 மணிக்கு நிறுத்தினால் காலை 6, 7 வரை தாங்கும். சரி, அதைத் திரும்ப நிரப்ப எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும்? 9 ஆம்பியரில் சார்ஜ் ஆகும் பேக் என்றால் முக்கால் மணிக்கு மேல். 5 ஆம்பியர் என்றால் ஒன்றேகால், ஒன்றரை மணி. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போய் வருகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் வரை மட்டும் போய் வண்டியை நிறுத்துகிறவருக்குப் பேக் ஒரு நாளும் நிறையாது. அங்கே பழுது எதுவும் இல்லை. ஓட்டம் போதவில்லை. நிறுத்தப் பதிவில், அதாவது வண்டி நிற்கும்போது நடக்கும் பதிவில், பின் கேமராவை அணைக்க முடிந்தால் அணையுங்கள். அல்லது எப்போதும் பதிவு செய்வதை விட்டு, அடி விழுந்தால் மட்டும் பதிவு செய்யும் நிலைக்கு மாற்றுங்கள்.

நன்றாக ஓட்டியும் நிறையவில்லையென்றால் பேக்கில் சார்ஜ் வேகத்தை மாற்றும் சின்ன சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் குறைந்த வேகத்தில் வைக்க வேண்டும் என்பதால் பல பேக்குகள் குறைந்த வேகத்திலேயே வரும். ஃபியூஸ் பெட்டியில் இணைத்தவர்கள் அதை மாற்ற மறந்துவிடுகிறார்கள். மாற்றும் முன் ஃபியூஸ் குழியின் அளவைப் பாருங்கள். 9 ஆம்பியர் இழுக்கிற பேக்கை 10 ஆம்பியர் குழியில் கொடுக்கக் கூடாது. 15 அல்லது 20 வேண்டும்.

அடுத்தது, இன்ஜின் நின்ற பிறகும் பேக் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருப்பது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கேட் போட்டால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று இந்தப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். எல்லோரும் இன்ஜினை நிறுத்துவோம். பாட்டு கேட்க வேண்டும் என்று சாவியை முதல் நிலையில் விட்டுவிடுவோம். பேக்குக்கு அப்போது சாவி போட்டிருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டர் நின்றுவிட்டது தெரியாது. அது தன் பாட்டுக்கு 9 ஆம்பியரை கார் பேட்டரியிலிருந்து இழுக்கும். அரை மணி என்றால் 4.5 ஆம்பியர் மணி. சின்ன கார்களில் இருக்கிற 35 ஆம்பியர் மணி பேட்டரியில் எட்டில் ஒரு பங்குக்கு மேல். ஏற்கெனவே தளர்ந்த பேட்டரியாக இருந்தால் கேட் திறக்கும்போது பின்னால் இருக்கிற அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்க, நம் வண்டி நகராது. ஆகவே சாவியின் முதல் நிலையில் உயிர் பெறும் ஃபியூஸைத் தவிர்த்து, இரண்டாம் நிலையில், அதாவது டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரியும்போது மட்டும் உயிர் பெறுகிற ஃபியூஸைத் தேர்ந்தெடுங்கள். பாட்டுக்கு முதல் நிலை போதும். பேக் அந்த நேரம் இழுக்காது.

நேர்மாறாக, இன்ஜின் ஓடுகிறதா என்பதை வோல்டேஜை வைத்தே முடிவு செய்கிற பேக்குகளும் உண்டு. 13 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் சார்ஜ் ஏற்றும். லேசான ஹைபிரிட் வகை வண்டிகளில் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த அவ்வப்போது 12.5 அளவுக்கு இறங்கிவிடும். பேக்கும் சார்ஜை நிறுத்திவிடும். ஓட்டும்போது பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, பேக்கின் உள்ளீட்டில் மீட்டரைப் பிடித்துப் பார்க்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பேக்கின் அமைப்பில் அந்த எல்லையைக் குறைக்க வழி இருந்தால் குறையுங்கள்.

சித்திரை, வைகாசியில் மட்டும் நிறையவில்லை என்றால் வெயில்தான் காரணம். இந்த வகை செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்ய பேக்கே விடாது. விடக் கூடாது. மூடிய காரின் டேஷ்போர்டு அந்த மாதங்களில் 60 டிகிரியைத் தாண்டும். பேக்கை முன் இருக்கைக்கு அடியில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். டிக்கியில் பின் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த ஒன்றை இருக்கைக்கு அடியில் மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. அந்த வாரமே சரியானது.

சாவியை எடுத்ததும் கேமரா அணைகிறது, அல்லது நிறுத்தப் பதிவுக்குப் போகவே இல்லை

அணைந்துவிட்டால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கும். நிரந்தரம் வர வேண்டிய வயரில் சாவி மின்சாரம் வருகிறது. ஒரு நாள் முழுக்க நின்றும் ஓட்டப் பதிவாகவே எழுதிக்கொண்டிருந்தால் இரண்டையும் சேர்த்து முறுக்கியிருப்பார்கள், அல்லது இரண்டுக்கும் நிரந்தர மின்சாரம் போகும். சாவி எடுத்த செய்தி கேமராவுக்குப் போய்ச் சேரவில்லை. சில பேக்குகளில் அந்தச் செய்திக்கென்று தனி வயர் வெளியே வரும். அது எங்கும் சேராமல் தொங்கிக்கொண்டிருக்கும். தேடிப் பிடித்து கேமராவின் சிவப்பில் சேருங்கள்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

ஃபியூஸ் டேப் என்பது வண்டியின் ஃபியூஸ் குழியிலிருந்து நமக்கு மின்சாரம் எடுக்க உதவும், இரண்டு கால், இரண்டு குழி, ஒரு வயர் வால் உள்ள சின்னப் பொருள். கீழ்க் குழியில் வண்டியின் பழைய ஃபியூஸ், மேல் குழியில் நமது புது ஃபியூஸ். அதைத் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும். அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. திருப்பிச் செருகினால் நமது மின்சாரமும் வண்டியின் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடும். இரண்டு சுமையும் அதன் தலையில் ஏறி அது எரிந்துவிடும்.

சரியான பக்கம் தெரிந்துகொள்ள, டேப்பை வெளியே எடுத்து, மேல் குழியில் மட்டும் ஃபியூஸ் போடுங்கள். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒரு முனையை வயர் வாலிலும் மறு முனையை ஒவ்வொரு காலிலும் தொடுங்கள். எந்தக் காலில் சத்தம் வருகிறதோ அதில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு சாவியைப் போட்டு, வண்டியின் காலி ஃபியூஸ் குழியில் இரண்டு பக்கத்தையும் அளந்தால் ஒரு பக்கத்தில் மட்டும் 12 வோல்ட் வரும். புள்ளி வைத்த கால் அந்தப் பக்கம் போக வேண்டும். மொத்தம் ஐந்து நிமிட வேலை.

போன ஃபியூஸுக்குப் பதில் பெரியது போடாதீர்கள். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சள் போட்டால் அடுத்தது உருகப் போவது வயர். ஏர்பேக், பிரேக், இன்ஜின் கணினி ஃபியூஸ்களிலிருந்து கேமராவுக்கு எதையும் எடுக்காதீர்கள். வைப்பர் போன்றவை போதும்.

மேடுபள்ளத்தில் கேமரா அணைந்து அணைந்து எரிகிறது

எர்த். பத்தில் எட்டுக்கு எர்த்தான் காரணம் என்று தாராளமாகச் சொல்வேன். நாகப்பட்டினத்தில் சித்தப்பா வண்டியில் இதற்காகக் கேமரா, கேபிள், மெமரி கார்டு மூன்றையும் மாற்றிவிட்டார்கள். பிறகு நான் போய் காலடி பிளாஸ்டிக்கைக் கழற்றினேன். எர்த் எடுத்த போல்ட்டின் தலை பளபளப்பாக இருந்தது. கழற்றிப் பார்த்தால் வாஷரின் அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புத் தூள், வளையத்தைச் சுற்றி பச்சை பூத்திருந்தது. அதற்கும் கீழே பெயின்ட் சுரண்டப்படவே இல்லை. உப்புக் காற்று உள்ள ஊரில் இது ஒரு வருடத்தில் நடந்துவிடும். வேதாரண்யம் பக்கம் இன்னும் சீக்கிரம். எமரி தாளால் தேய்த்து வெறும் இரும்பு தெரிந்த பிறகு வளையத்தை வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். இன்று வரை அந்தக் கேமரா அணையவில்லை.

கழற்றாமல் சோதிக்க, கேமரா ஓடும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேக்கின் கறுப்பு வயரிலும் மறு முனையை கார் பேட்டரியின் மைனஸிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். 0.5 காட்டினால் அந்த போல்ட்டைக் கழற்றுங்கள். பேக்கும் கேமராவும் ஒரே போல்ட்டில் எர்த் எடுப்பது நல்லது.

பின் கேமரா மட்டும் கறுப்பாகிறது

டிக்கியைத் திறந்து மூடும்போது போகிறது என்றால் கீலுக்குப் பக்கத்தில் வயர் மடிந்து உள்ளே அறுந்திருக்கும். அந்த இடத்தில் வண்டியின் சொந்த வயர்கள் ஒரு ரப்பர் குழாய் வழியாகப் போகும். நமது வயரையும் அதற்குள்ளேயே விட வேண்டும். கொஞ்சம் சிரமம்தான், வளையும் கம்பியை முதலில் விட்டு அதில் கட்டி இழுத்தால் வந்துவிடும். வெளியே டிக்கி ஓரத்து ரப்பர் பீடிங்குக்கு மேல் விட்டால் அறுவதோடு மழைத் தண்ணீரும் உள்ளே வரும்.

டிக்கியைத் தொடாமலே போயிருந்தால் எலியைச் சந்தேகப்படுங்கள். சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். வாசலில் நிற்கிற காரும் அவற்றுக்கு வீடுதான். பின் இருக்கைக்கு அடியில் உமியும் புழுக்கையும் கிடந்தால் அங்கேதான் வயரைக் கடித்திருக்கும். கடித்த இடத்தில் டேப் சுற்றி ஓட்டாதீர்கள். அந்த கேபிளில் மெல்லிய வயர்கள் பல உண்டு. முழு கேபிளையே மாற்றி, தரையோடு போகும் பகுதிக்கு நெளிவுக் குழாய் போட்டுவிடுங்கள்.

கேபிளை முன்பக்கத் தூணுக்குள் விடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே திரை ஏர்பேக் உள்ள வண்டியில் கேபிள் ஏர்பேக்குக்குப் பின்னால் போக வேண்டும். அதன் மேல் குறுக்கே போனால் அது விரியும்போது தடுக்கும். இதில் சந்தேகம் இருந்தால் அந்தத் தூணை மட்டும் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். ஒரு நாள் தாமதமானால் ஒன்றும் ஆகாது.

ரேடியோவில் கொர் என்று இரைச்சல்

கேமரா மாட்டியதிலிருந்து காரைக்கால் வானொலி சரியாகக் கேட்கவில்லை என்றால், கேமரா வயரில் உள்ள வோல்டேஜ் குறைக்கும் பெட்டி ஆன்டெனா வயரோடு ஒட்டிக் கிடக்கிறது. பல வண்டிகளில் ஆன்டெனா வயர் முன் தூண் வழியாகவே இறங்கும். கேபிளை எதிர்ப் பக்கத் தூணுக்கு மாற்றுங்கள். அது முடியாவிட்டால் கேமராவுக்குப் பக்கத்தில் கேபிளில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் ஒன்று மாட்டுங்கள்.

கண்ணாடியிலிருந்து விழுகிறது

கண்ணாடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு டேப்பை ஒட்டி, அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு நாள் கேமராவைத் தொங்கவிடாமல் வையுங்கள். ஐப்பசி மழையில் ஈரக் கண்ணாடியில் ஒட்டியது நிற்காது. வைப்பர் துடைக்கிற பரப்புக்குள், ஓட்டுநர் பார்வையை மறைக்காமல், ஃபாஸ்டேக் ஒட்டிய இடத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். கேமரா வாங்கும்போதே உள்ளே லித்தியம் பேட்டரி இல்லாமல் கெபாசிட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் நம் ஊர் வெயிலில் உப்பாது.

கார்டு நிறைந்துவிட்டது, வேண்டிய பதிவைக் காணோம்

அசைவைக் கண்டு பதிவு செய்யும் நிலையில் கேமரா இருந்தால் எங்கள் தெருவில் அதற்கு ஓய்வே கிடையாது. தென்னை மட்டையின் நிழல், கோழி, சாலையில் காயப்போட்ட நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டு போகிறவர், எல்லாமே பதிவாகும். இரண்டு நாளில் கார்டு சுற்றி வந்து பழையதை அழித்துவிடும். அசைவு உணர்வைக் குறைத்து, அடி உணர்வை நடுத்தரத்தில் வையுங்கள். கார்டு, தொடர்ந்து எழுதுவதற்கென்றே செய்த வகையாக இருக்கட்டும். மாதம் ஒரு முறை கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஜிபிஎஸ் உள்ள கேமராவில் நேர மண்டலம் 5:30 கூட்டப்பட்டிருக்க வேண்டும். விபத்து நடந்து பதிவைக் காவல் நிலையத்தில் கொடுக்க நேர்ந்தால், நேரம் தப்பாக இருப்பது நமக்கு எதிராகவே கேள்வியாக வரும். 2024 ஜூலை 1 முதல் மின்னணுப் பதிவுகளுக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தேவை. அப்படி ஒன்று நடந்தால் கார்டை உடனே எடுத்து, நகல் போட்டுக்கொண்டு, மூலக் கார்டில் எதையும் எழுதாமல் தனியாக வைத்துவிடுங்கள். கேமராவில் வேறு கார்டு போட்டுக்கொள்ளலாம்.

பேக் ஈரமாக இருக்கிறது, அல்லது உப்பியிருக்கிறது

கார்த்திகை மாதம் ஒரு நாள் திருவாரூர் போய் வந்தேன். ஈரக் குடையை இருக்கைக்குக் கீழே வைத்தது மறந்துபோனது. மறுநாள் பேக்கின் விளக்கு எரியவில்லை. அடியில் மிதியடித் துணி முழுக்க நனைந்து, இணைப்புக் குழியில் பச்சை பிடித்திருந்தது. நல்ல வேளையாகத் தண்ணீர் உள்ளே போகவில்லை. குழியை மட்டும் சுத்தம் செய்து சரியானது. அன்றிலிருந்து பேக்கை ஒரு பிளாஸ்டிக் பலகை மேல், தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் வைத்து வெல்குரோவால் கட்டியிருக்கிறேன். இணைப்புகள் எல்லாம் பக்கவாட்டைப் பார்த்திருக்கும்.

பெட்டி உப்பியிருந்தாலோ, இனிப்பு கலந்த ரசாயன வாடை வந்தாலோ, வெள்ளத் தண்ணீர் இருக்கை வரை ஏறியிருந்தாலோ அதைத் திறக்கவும் வேண்டாம், காய வைத்துச் சார்ஜ் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். முதலில் உள்ளீட்டு ஃபியூஸைப் பிடுங்குங்கள், பிறகு இணைப்பைக் கழற்றுங்கள். பேக்கை வண்டிக்கு வெளியே, வைக்கோல் போரும் விறகும் இல்லாத வெட்டவெளியில், சிமென்ட் தரையில் வையுங்கள். குழந்தைகள் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மின்னணுக் கழிவு எடுப்பவரிடம்தான் அது போக வேண்டும். புதுப் பேக் வரும்வரை கேமராவின் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்துச் சாவியோடு உயிர் பெறும் ஃபியூஸில் கொடுத்து, வண்டி ஓடும்போது மட்டும் பதிவாகும்படி விட்டுவிடலாம்.